போஸ்ட்டும் பொசிஷனும்

ஆங்கிலச் சொற்களஞ்சியம் எதைப் புரட்டினாலும் 'பொசிஷன்' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு பட்டாளமே நிற்கும்: பிளேஸ், போஸ்ட், ரேங்க், ஸ்டேஷன், சிச்சுவேஷன், ஸ்டேட்டஸ், ஆபீஸ், சீட், ஸ்டாண்ட். இடையில் கமா மட்டும் இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றிவிடும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இவற்றை அப்படியே நெட்டுருப் போடுகிறார்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்க அது போதும். வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதவோ, கைக்கு வந்த ஆணையைப் படித்துப் புரிந்துகொள்ளவோ, பறிபோனதை எதிர்த்துக் கேட்கவோ அது போதாது.

இந்தக் களஞ்சிய வழக்கத்தை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தியவர் பீட்டர் மார்க் ரோஜே. லண்டன்காரர், மருத்துவர். 1805-இல் தன் சொந்த உபயோகத்துக்கென்று தொகுத்த சொற்பட்டியலை விரித்து, 1852-இல், தன் 73-ஆம் வயதில் நூலாக வெளியிட்டார். அகரவரிசையை விட்டுக் கருத்துவாரியாக அடுக்கினார். நம் நிகண்டுகள் செய்ததும் அதையேதான். திவாகரத்தில் தெய்வப் பெயரில் தொடங்கி, மக்கள், விலங்கு, மரம் என்று வந்து, ஐந்தாவதாக இடப்பெயர்த் தொகுதி வரும். ரோஜே தன் முன்னுரையில் வடமொழி அமரகோசத்தை முன்னோடி நூலாகக் குறிப்பிடுகிறார். கோல்புரூக்கின் மொழிபெயர்ப்பில் 1808-இல் செராம்பூரில் அச்சானது அது. அதே முன்னுரையில் இன்னொன்றும் சொல்கிறார்: ஒரே பொருள் தருவதுபோல் தோன்றும் சொற்களுக்குள் இருக்கும் வேறுபாட்டை ஆராய்வது தனித்துறை, அதில் தான் இறங்கவில்லை என்று. அவர் இறங்காமல் விட்ட அந்த இடத்திலிருந்துதான் நான் வகுப்பைத் தொடங்குவது வழக்கம்.

பிள்ளைகளிடம் நான் கேட்டுப் பார்க்கச் சொல்வது ஒரே கேள்வி. ஆள் எழுந்து போனால் இது அவரோடு போகுமா, இங்கேயே கிடக்குமா?

போஸ்ட் அங்கேயே கிடக்கும். பழைய அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைக்குள் போனால், நாற்காலிக்குப் பின்சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருப்பார்கள். கறுப்பு வண்ணத்தில் வெள்ளை எழுத்து. வரிசை எண், பெயர், 'முதல்', 'வரை' என்று நான்கு கட்டங்கள். மேல்வரிசைப் பெயர்கள் பழுப்பேறியிருக்கும். எந்த இடத்தில் பழைய பெயின்டர் போய்ப் புதிய பெயின்டர் வந்தார் என்பது எழுத்தின் சாய்விலேயே தெரியும். ஒருவருக்கு எட்டு வருஷம், அடுத்தவருக்கு இரண்டே மாதம். ஓய்வுக்குச் சற்று முன்னால் பதவி உயர்வு கிடைத்து வந்தவராக இருக்கும். நடுவில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'பொறுப்பு' என்று சின்ன எழுத்தில் இருக்கும். கடைசிப் பெயருக்கு நேரே 'வரை' கட்டம் வெறுமையாக இருக்கும். எனக்குத் தெரிந்து போஸ்ட் என்ற சொல்லுக்கு அந்தப் பலகையைவிடத் தெளிவான விளக்கம் எந்த அகராதியிலும் இல்லை. பெயர்கள் வரும், போகும். பலகைக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது.

லத்தீனில் 'வை' என்பதற்கான வினை போனெரே. 'வைக்கப்பட்டது' என்றால் போசிட்டும். பொசிஷன், போஸ்ட், டெபாசிட், போஸ்சர் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. சாலை நெடுக இவ்வளவு தூரத்துக்கு ஒருவன் என்று குதிரைக்காரர்களை நிறுத்திவைத்து, கைமாற்றிக் கைமாற்றிக் கடிதத்தை ஓட்டினார்கள். அந்த நிறுத்தம் போஸ்ட், பிறகு கடிதப் போக்குவரத்தே போஸ்ட் ஆயிற்று. வடக்கே 'டாக்' என்று புழங்கியதற்குத் தெற்கே 'தபால்' என்று பெயர். லைட் போஸ்ட்டும் கோல் போஸ்ட்டும் இந்தக் குடும்பத்தில் சேராதவை. அவை கதவின் நிலைக்காலைக் குறித்த போஸ்டிஸ் என்ற லத்தீன் சொல்லின் பிள்ளைகள். போஸ்ட்மார்ட்டத்தில் இருப்பதோ மூன்றாவது ஒன்று. 'பிறகு' என்று பொருள். மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றது மொழியில் நேர்ந்த தற்செயல்.

ரேங்க் கூடவே போகும். வரிசை என்பதுதான் அதன் பழைய பொருள், படைவீரர்கள் தோளோடு தோள் நிற்கும் வரிசை. ராணுவத்தில் ஒரு கேப்டனை லடாக்கில் போட்டாலும் வெலிங்டனில் போட்டாலும் கேப்டன்தான். போஸ்டிங் மாறும், ரேங்க் மாறாது. ஓய்வுபெற்ற பிறகும் இந்த வேறுபாடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதைத் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எவரும் கவனிக்கலாம். மாவட்ட ஆட்சியராக இருந்தவர் 'முன்னாள் ஆட்சியர்' ஆகிறார். கர்னலாக இருந்தவர் 'கர்னல் (ஓய்வு)'. முன்னாள் கர்னல் என்று யாரும் எழுதுவதில்லை. போஸ்ட்டை விட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ரேங்க்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கல்யாணப் பத்திரிகையில் போடலாம், கல்லறையிலும் பொறிக்கலாம்.

அரசு அலுவலகங்களில் 'லீன்' என்றொரு சொல் உண்டு. வேறு துறைக்கோ வேறு வேலைக்கோ போகிறவர், பழைய போஸ்ட்டின் மீது தனக்குள்ள உரிமையை விடாமல் வைத்துக்கொண்டு போவது. 'லீன் வெச்சுட்டுப் போயிருக்காரு' என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். போஸ்ட் ஆளோடு போகாது, ஆனால் ஆள் திரும்பி வரும்வரை அதன்மேல் அவருக்கு ஒரு பிடிமானம் இருக்கும். இந்தப் பிடிமானம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது 1957-இல் உச்ச நீதிமன்றத்தில் புருஷோத்தம் லால் திங்ரா வழக்கில் பேசப்பட்டது. 1924-இல் ரயில்வேயில் தந்தி சிக்னலராகச் சேர்ந்து, படிப்படியாக மூன்றாம் வகுப்புப் பணிகளில் உயர்ந்து, இரண்டாம் வகுப்புப் பதவி ஒன்றில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர் அவர். 1953-இல் மறுபடி மூன்றாம் வகுப்புக்கே அனுப்பப்பட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆம் பிரிவு, காரணம் கேட்காமல் ஒருவரை ரேங்க்கில் இறக்கக் கூடாது என்கிறது. தன்னை இறக்கிவிட்டார்கள் என்றார் திங்ரா. இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. தற்காலிகமாக உட்கார்ந்த போஸ்ட்டில் அவருக்கு உரிமை கிடையாது, உரிமையில்லாத இடத்திலிருந்து எழுப்புவது ரேங்க் இறக்கமாகாது என்பது அதன் சாரம். நீதிபதி விவியன் போஸ் மட்டும் மாறுபட்டார். ஒரு மனிதரின் வயிற்றெரிச்சல் முழுவதும் போஸ்ட், ரேங்க் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது.

இதைவிட நமக்கு நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு. நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது அதற்குத்தான். தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக 1969-இல் வந்தவர் இ.பி. ராயப்பா. 1971 தேர்தலுக்குப் பிறகு அவரை அந்த நாற்காலியிலிருந்து மாற்றி, மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவர் ஆக்கினார்கள். விடுப்பில் போனார். அடுத்த ஆண்டு விற்பனை வரிச் சட்டங்களை ஆராயும் சிறப்புப் பணி அலுவலர் என்று இன்னொரு ஆணை வந்தது. அவர் பொறுப்பேற்கவில்லை, நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அந்த ஆணையைச் சொற்களாகப் பிரித்து வைத்துப் பாருங்கள். சம்பளம் குறையவில்லை. ஐ.ஏ.எஸ். ரேங்க்கும் போகவில்லை. புதிய பதவிகளைத் தலைமைச் செயலாளர் நிலையிலேயே உருவாக்கியிருப்பதாக அரசு சொன்னது. அப்படியானால் என்ன பறிபோயிற்று? தலைமைச் செயலாளரின் மேசைக்கு எல்லாத் துறைக் கோப்புகளும் வரும். அமைச்சரவைக்குப் போகிற விஷயம் அவர் கையைத் தாண்டித்தான் போகும். மற்றச் செயலாளர்கள் அவர் அறைக்கு வெளியே காத்திருப்பார்கள். விற்பனை வரிச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டு தனியறையில் இருப்பவருக்கு அதே சம்பளம் வரலாம், வேறொன்றும் வராது. ரேங்க்கும் சம்பளமும் இருந்தும் இல்லாமற்போனதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்தான் ஸ்டேட்டஸ். ஐ.ஏ.எஸ். விதிகளில் 'ஸ்டேட்டஸும் பொறுப்பும்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லியிருந்ததால்தான் அவரால் வழக்காட முடிந்தது.

1973 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். முதலமைச்சரின் கோபமே மாற்றத்துக்குக் காரணம் என்ற ராயப்பாவின் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். மனு தள்ளுபடியானது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி பகவதி எழுதிய பகுதி நாட்டின் சட்டத்தையே திருப்பிவிட்டது. மனம்போன போக்கில் நடப்பதும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று ஜன்மப் பகை. அரசின் செயல் தன்னிச்சையானது என்றால் அதுவே சமத்துவ மீறல் என்றார் அவர். 1978-இல் மேனகா காந்தி வழக்கில் இந்தக் கருத்து மேலும் உறுதிப்பட்டது. இன்று காரணமில்லாமல் தன்னைத் தூக்கியடித்தார்கள் என்று நீதிமன்றம் ஏறுகிற ஒவ்வொருவரின் மனுவிலும் 'ராயப்பா' என்ற பெயர் இருக்கும். வழக்கில் தோற்றவரின் பெயர் தோற்காமல் நின்றுவிட்டது. போஸ்ட்டும் ஸ்டேட்டஸும் ஒன்றுதான் என்று படித்துவிட்டுப் போகிற மாணவனுக்கு இந்த வழக்கில் என்ன சண்டை என்றே விளங்காது என்பதால்தான் நான் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிளேஸ் என்ற சொல்லுக்கு வருகிறேன். கிரேக்கத்தில் அகன்ற தெருவைக் குறித்த சொல், லத்தீன் வழியாக வந்தது. ஸ்பெயினின் பிளாசாவும் இத்தாலியின் பியாட்சாவும் அதற்கு உடன்பிறப்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சமையல்காரிக்கும் வண்டிக்காரனுக்கும் கிடைத்த வேலைக்குப் பெயர் பிளேஸ். கணக்கெழுதுகிறவருக்கும் வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் பெண்ணுக்கும் கிடைப்பது சிச்சுவேஷன். கனவான் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது அப்பாயின்ட்மென்ட். எல்லாம் மாதக் கடைசியில் கூலி வாங்குகிற வேலைதான். ஆனால் எந்தச் சொல்லால் விளம்பரம் கொடுக்கிறோம் என்பதிலேயே எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்பதும் அடங்கியிருந்தது. சார்லட் பிரான்ட்டியின் 1847-ஆம் ஆண்டு நாவலில் ஜேன் ஏர், தான் படித்து ஆசிரியையான லோவுட் பள்ளியை விட்டு வெளியேறப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறாள். அவள் கேட்பது சிச்சுவேஷன். பள்ளியில் வருஷத்துக்கு 15 பவுண்டு, புதிய இடத்தில் 30. வேலைக்காரர்களோடும் சேராமல், வீட்டுக்காரர்களோடும் சேராமல் அந்த மாளிகையில் அவள் நடமாடுவதையெல்லாம் அந்த ஒரு சொல்லே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

'உன் பிளேஸைத் தெரிந்துகொள்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது இடம் காட்டுவதற்காகச் சொல்வது இல்லை, மிரட்டல். நாவல் வந்த மறு ஆண்டில் செசில் பிரான்சிஸ் அலெக்சாண்டர் குழந்தைகளுக்கென்று எழுதிய புகழ்பெற்ற துதிப்பாடல் ஒன்றில், கோட்டைக்குள் இருக்கும் பணக்காரனுக்கும் அதன் வாசலில் நிற்கும் ஏழைக்கும் அவரவர் 'எஸ்டேட்'டைக் கடவுளே வகுத்தார் என்று ஒரு பத்தி வரும். நமக்கு எஸ்டேட் என்றால் தேயிலை. அங்கே அதற்கு வாழ்வில் வகிக்கும் நிலை என்று பொருள். அந்தப் பத்தியைப் பிற்காலத்துப் பாடல் தொகுப்புகள் பல விட்டுவிட்டன. விட்டதுதான் நியாயம். குழந்தையின் வாயில் வைக்கக் கூடாத கருத்து அது.

ஜேன் ஏர் காலத்துப் பணிப்பெண்ணின் பிளேஸ் செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பொறியியல் கல்லூரிகளில் அது உயிரோடு இருக்கிறது. 'பிளேஸ் ஆயிட்டியாடா?' என்று கேட்கிறார்கள். 'அக்கா கேம்பஸ்லயே பிளேஸ் ஆயிட்டா.' பிளேஸ்மென்ட் ஆபீசர், பிளேஸ்மென்ட் சீசன், பிளேஸ் ஆகாதவர்கள் பட்டியல். வேலை தேடினேன், வேலை வாங்கினேன் என்பதற்குப் பதிலாக, யாரோ எடுத்து எங்கோ வைத்தார்கள் என்று பிள்ளைகள் பேசப் பழகிவிட்டார்கள். போஸ்ட்டின் லத்தீன் வேரில் இருந்த அந்த வைக்கிற கை இங்கேயும் எடுக்கப்படவில்லை.

ஸ்டேஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தனக்கு ஒதுக்கிய ஊரை விட்டு நகர்ந்தால் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. வெள்ளைக்காரர்கள் போய் இத்தனை காலமாகியும், பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பவரைக் கேட்டால்கூட அந்த வார்த்தையைத்தான் சொல்கிறோம். பெர்த், கப்பலில் படுக்கும் பலகை. ரயிலுக்கு வந்தது, பிறகு பத்திரிகைக்காரர்களின் கையில் மந்திரிசபைக்கும் போய்ச் சேர்ந்தது. சீட், பிறர் கொடுத்து உட்காருவது. ஆபீஸ் மட்டும் எனக்கு மிகப் பிடித்த சொல். அதன் லத்தீன் மூலத்துக்குக் கடமை என்று பொருள். மேசை நாற்காலியெல்லாம் பின்னால் வந்தவை.

கடைசியாகப் பொசிஷன். பெண் பார்க்கும் பேச்சில் கேட்டுப் பாருங்கள். 'மாப்பிள்ளை நல்ல போஸ்ட்ல இருக்காரு' என்றால் பெரும்பாலும் அரசு உத்தியோகம், ஓய்வூதியம் வரை கணக்குப் போட்டாயிற்று என்று அர்த்தம். 'நல்ல பொசிஷன்ல இருக்காரு' என்றால் தனியார் கம்பெனி, கார், அடுக்குமாடி வீடு, கொஞ்சம் செல்வாக்கு. விண்ணப்பத்திலும் அதே பாகுபாடுதான். அரசுக்கு எழுதும்போது போஸ்ட் என்று எழுது, தனியாருக்குப் பொசிஷன் என்று எழுது என்பேன். அரசிதழில் போஸ்ட் என்றால் அதற்கு எண் உண்டு, ஒப்பளிப்பு ஆணை உண்டு. பொசிஷனுக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. தேவைப்பட்டால் திறப்பார்கள், தேவையில்லை என்றால் மூடுவார்கள்.

இந்தச் சொல்லுக்கு வழவழப்பான ஒரு குணமும் உண்டு. 'இப்போது உதவும் பொசிஷனில் நாங்கள் இல்லை' என்று கடிதம் வரும். மாட்டேன் என்று சொல்லவேண்டிய ஆள் விலகிக்கொண்டு, தான் நிற்கும் இடத்தின் மேல் பழியைப் போடுகிற வாக்கியம் அது. அலுவலக ஆங்கிலத்தில் இதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் இதன் கூர்மை எனக்கு உறைத்தது என் பழைய மாணவன் ஒருவன் கொண்டுவந்த கடிதத்தில்தான்.

சென்னையில் ஐ.டி. வேலை. முதலில் சில மாதம் 'பெஞ்ச்'சில் இருந்தான். சம்பளம் வரும், டெசிக்னேஷன் இருக்கும், செய்ய வேலை இருக்காது. அரசில் ஓர் அதிகாரியைக் காத்திருப்போர் பட்டியலில் வைப்பதும் இதேதான். ரேங்க் இருக்கிறது, போஸ்ட் இல்லை. பிறகு அந்தக் கடிதம் வந்தது. அவனை அனுப்புகிறோம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவன் வகித்த பொசிஷன் நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே இன்ன தேதியோடு என்று இருந்தது. தலைமையாசிரியர் போவார், போஸ்ட் இருக்கும். இங்கே மனிதன் குத்துக்கல்லாக நிற்கிறான், பொசிஷன் போய்விட்டது என்கிறார்கள். ஒன்பது வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவனிடம் 'உன்னை' என்ற சொல்லைப் பயன்படுத்தும் மரியாதைகூட அந்தக் கடிதத்துக்கு இல்லை. இப்படி எழுதச் சொல்லிக்கொடுக்கிற ஆங்கிலத்தை நான் வெறுக்கிறேன்.

"என்ன சார் பதில் எழுதறது?" என்று கேட்டான்.

உட்கார்ந்து இருவருமாக எழுதினோம். பொசிஷன் என்ற சொல்லே அதில் வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். இந்தத் தேதியில் சேர்ந்தேன், இந்த இந்த வேலைகளைச் செய்தேன், இந்தத் தேதியில் என்னை வேலையிலிருந்து அனுப்புகிறீர்கள். வாக்கியங்கள் எல்லாம் 'நான்' என்றோ 'நீங்கள்' என்றோ தொடங்கின. அறிவிப்புக் காலச் சம்பளம், விடுவிப்புக் கடிதம், செய்த வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அனுபவச் சான்று ஆகிய மூன்றையும் தேதி குறித்துக் கேட்டோம். அவன் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். 'அனுப்புகிறீர்கள்' என்ற இடத்தில் கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே, 'ரிலீஸ்' என்று போடலாமா என்றான். வேண்டாம் தம்பி, நடந்தது அதுதான், அப்படியே இருக்கட்டும் என்றேன். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டான்.